மச்சான் பேசாத இடங்கள்

ஜூன் 8, ஞாயிறு

நான் எழுதுகிற ப்ளாக்கில் யாரையும் மனசாரத் திட்ட முடிவதில்லை. திட்டினால் அதைப் படம் பிடித்து நாலு குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். அதற்காகவே இந்த டைரி. நான் வேலை பார்க்கும் பில்லிங் மென்பொருள் கம்பெனி வருஷா வருஷம் கொடுத்து, என் மனைவி சுகந்தி வருஷா வருஷம் கோலம் வரைந்தே தீர்க்கிற டைரி. இந்த வருஷம் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். இதில் யாரை வேண்டுமானாலும் திட்டலாம்.

இன்றைக்கு மச்சானை.

தனுஷ்கோடி மச்சான் என் அக்கா மங்கையர்க்கரசியின் வீட்டுக்காரர். டவுன்ஹால் ரோடு பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை. தலைவலி மாத்திரை வாங்க வந்தவனையும் பேசிப் பேசியே கண்ணாடி போட வைத்து அனுப்புகிற ஆள். அந்த வாய்க்காகத்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் அவரை இழுத்துவந்து ‘டிக்கெட் கிழிச்சாச்சு’ என்று சினிமா பாட்காஸ்ட் ஆரம்பித்தேன். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, ஏதாவது ஒரு பழைய படம். அவர் பேசுவார், நான் குறுக்கே பேசுவேன்.

இப்போது அந்த வாய்க்கு என்ன வந்ததோ தெரியவில்லை. கதாநாயகி ஊஞ்சலில் உட்கார்ந்து அழுகிற காட்சியைச் சொல்ல வந்தவர், “அந்தப் பொண்ணு... அதுல உக்காந்து... அதான்யா, முன்னாடி பின்னாடி...” என்று கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அதற்குள் பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டார்கள். மோட்டார் நின்றதும் சுகந்தி மிக்சியைப் போட்டாள். மிக்சி நின்றதும் கரண்ட் போனது. “ஊஞ்சல் மச்சான், ஊஞ்சல்!” என்று கத்தினேன். “அதத்தான சொல்றேன்” என்கிறார்!

நல்லவேளை, வெட்டிப்பயல் இருக்கிறான். ஆடியோவை எடிட் செய்கிற ஏஐ. பெயர் நான் வைத்தது. அரை விநாடிக்கு மேல் யாரும் பேசாமல் இருந்தால் வெட்டிவிடுவான். ‘ம்’, ‘வந்து’, ‘அது வந்து’ எல்லாம் காலி. மச்சானும் நானும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசியதை முக்கால் மணி நேரமாக்கிக் கையில் கொடுத்துவிட்டான். போன வருஷமெல்லாம் பத்து நிமிஷம்தான் குறையும்.

ஜூன் 10, செவ்வாய்

‘ரீசெட் பட்டன்’ ப்ளாக்கில் பழைய டிவி கேம் பற்றி எழுதி எழுதி எனக்கே சலித்துவிட்டதால், விளையாட்டாக ஏஐயிடம் இல்லவே இல்லாத ஒரு கேமுக்கு விமர்சனம் எழுதச் சொன்னேன். ‘மாட்டுத்தாவணி ரேஸ்’, மஞ்சள் கலர் கேசட். கடைசி வரியில் எல்லாமே கற்பனை என்று தெளிவாகப் போட்டிருந்தேன். கடைசி வரியை எவன் படிக்கிறான்? ஒருத்தர் சின்ன வயசில் நாலாவது லெவல் வரை ஆடினாராம். அந்த லெவலில் வருகிற பால்காரனைத் தாண்டவே முடியாதாம். இன்னொருத்தர், கேசட் என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்கிறீர்களா என்கிறார்.

இந்த ஊரில் என்னைத் தவிர எல்லோருக்கும் ஞாபக சக்தி அபாரம்.

ஜூன் 14, சனி

புது எபிசோடுக்கு வந்த கமெண்ட்: “தனுஷ்கோடி சார் இப்பல்லாம் செம ஷார்ப். ஒரு வார்த்தை வீண் இல்ல. கூட இருக்கறவர் மட்டும் கொஞ்சம் குறுக்க பேசாம இருந்தா நல்லாருக்கும்.”

ராத்திரி பகலாக எடிட் செய்கிறவன் நான். ஷார்ப் அவராம். தலையெழுத்து.

ஜூன் 22, ஞாயிறு

இன்றைக்கு ‘இடைவேளை’ வரவில்லை. சினிமா பாட்காஸ்ட் நடத்துகிற மனுஷனுக்கு இடைவேளை என்ற வார்த்தை வரவில்லை! “நடுவுல... லைட்டப் போடுவான்... எல்லாரும் வெளிய போவம்ல...” என்று தடவினார். எனக்கு வந்த கோபத்துக்கு ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

அடுப்படியிலிருந்து சுகந்தி கேட்டாள்: “அண்ணன் ஏங்க இவ்ளோ நேரம் யோசிக்கிறாரு?”

“வயசாகுதுல்ல.”

“அம்பத்திரண்டெல்லாம் ஒரு வயசா? போன தீபாவளிக்கு எங்கப்பாவப் பேச விடாம ரெண்டு மணி நேரம் பேசுனாரே.”

“நீ முதல்ல அந்த மிக்சிய வேற நேரத்துல போடு” என்றேன். பேச்சு அதோடு முடிந்தது.

சாயங்காலம் வெட்டிப்பயலின் புது வித்தையைச் சோதித்துப் பார்த்தேன். நாலு வருஷ எபிசோடுகளைக் கேட்டு மச்சானின் குரலை அவன் படித்து வைத்திருக்கிறான். விட்டுப்போன இடத்தில் வார்த்தையை நாம் டைப் செய்தால் போதும், மச்சானாகவே பேசிவிடுகிறான். ‘இடைவேளை’ என்று அடித்தேன். லேசாக மூக்கால் பேசுகிற அந்த இழுவையோடு அப்படியே வந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சுகந்தியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. “அண்ணன்கிட்ட கேட்டீங்களா?” என்றாள்.

கேட்கவில்லை. சொன்னால், அப்படியானால் நான் எதற்கு என்று கடையிலேயே உட்கார்ந்துகொள்வார். இன்னும் ஐந்தாறு இடங்களிலும் வார்த்தை போட வேண்டியிருந்தது. போட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

அக்கா போன்.

“நாகு, ஒங்க மச்சான் எப்படிடா இருக்காரு?”

“ஒன் வீட்டுக்காரரப் பத்தி என்கிட்ட கேக்குற?”

“இல்லடா. கடையில ஒருத்தர்கிட்ட ஃபிரேம்ங்குற வார்த்தை வராம கையக் கையக் காட்டுனாராம். கடைப் பொண்ணு சொல்லிச் சிரிக்குது. வீட்லயும் முன்ன மாதிரி பேச்சில்ல. கேட்டா, ஒண்ணுமில்ல மங்கை, அசதிங்கிறாரு. டாக்டர்கிட்ட போவமான்னு இருக்கு.”

எனக்கு எரிச்சல். அக்காவுக்கு எதற்கெடுத்தாலும் டாக்டர். “நேத்து ஏத்துன எபிசோடக் கேட்டியா? தண்ணி மாதிரி பேசுறாருக்கா. ஒரு எடத்துல நிக்கல. கேட்டுட்டு அப்புறம் பேசு” என்றேன்.

கேட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு நிம்மதி. “ஆமாடா, நல்லாத்தான் பேசுறாரு. எனக்குத்தான் கிறுக்கு. டாக்டரெல்லாம் வேணாம்.”

அதைத்தான் நானும் சொன்னேன்.

ஜூலை 6, ஞாயிறு

தொண்ணூற்றொன்பதாவது எபிசோட். மைக்கைக் காட்டி “அந்த டம்ளரக் கொஞ்சம் தள்ளி வை மாப்ள” என்றார். ஜோக் என்று நினைத்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

இன்று வேறொரு வேலையும் பார்த்தேன். வெட்டிப்பயல் வெட்டியதையெல்லாம் தூக்கிப் போடுவதில்லை. தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைக்கிறான். மார்ச்சிலிருந்து இன்றுவரை மச்சான் முழித்த முழிப்பையெல்லாம் வரிசையாக ஒட்டினேன். “அது... அது வந்து... அதான்யா... இது...” என்று ஒன்பது நிமிஷம்! அடியில் பழைய டிவி கேம் மாதிரி டிங்கு டிங்கென்று ஒரு மியூசிக், அதுவும் ஏஐ போட்டதுதான். ஃபைலுக்கு ‘மச்சான் பேசாத இடங்கள்’ என்று பெயர் வைத்தேன். நூறாவது எபிசோடில் போட்டுக் காட்டி அவர் மானத்தை வாங்க வேண்டும். நான் பட்ட பாட்டுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?

கேம் ஃபைல்களுக்கு இடமில்லாமல் டிஸ்க் திணறுகிறது. ஒட்டி முடித்ததும் அந்த ஃபோல்டரை அழித்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

யோகம் அடித்தது. ஒரு காலேஜில் காட்சித் தொடர்பியல் துறைக்காரர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். நூறாவது எபிசோடை அவர்கள் அரங்கத்தில், மாணவர்களுக்கு முன்னால், மேடையில் நேரடியாக நடத்த வேண்டுமாம். ஆகஸ்ட் 17.

கடைக்கே ஓடிப்போய்ச் சொன்னேன். மச்சான் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“மேடையெல்லாம் வேணாம் மாப்ள.”

கல்யாண வீட்டில் பாட்டுக் கச்சேரிக்காரன் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் மைக்கைப் பிடுங்குகிற ஆள் சொல்கிறார், மேடை வேண்டாமாம்!

“ஏன் வேணாம்?”

“வேணாம்னா விடேன்.”

“காரணத்தச் சொல்லுங்க மச்சான்.”

துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். நான் விடவில்லை. கடைசியில் சரி என்று தலையை ஆட்ட வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஒத்திகைக்கு வந்தார். கையில் பத்துப் பதினைந்து தாள். பேச வேண்டியது மொத்தத்தையும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். ஸ்கூல் பிள்ளை மாதிரி விரல் வைத்து வாசிக்கிறார். நான் நடுவில் ஒரு கேள்வி கேட்டால், தாளில் அதற்குப் பதில் தேடுகிறார்.

தாளைப் பிடுங்கிவிட்டேன். “நியூஸ் வாசிக்கவா வந்தீங்க? இத்தன வருசம் எந்தத் தாள வச்சுப் பேசுனீங்க? இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லிருங்க, ஏன் இப்படி உயிர வாங்குறீங்க?”

மச்சான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ரொம்ப நேரம் திறந்தபடியே இருந்தது. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வண்டியை எடுக்காமல் நடந்தே போனார்.

சுகந்தி என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் வைத்தாள். செய்கிறதெல்லாம் அவர், தண்டனை எனக்கு.

ஜூலை 21, திங்கள்

அவர் வண்டி இன்னும் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. நானாகப் போய்க் கெஞ்ச மாட்டேன். அக்காவை விட்டு மசிய வைக்கலாம் என்று ‘மச்சான் பேசாத இடங்கள்’ ஃபைலை அவளுக்கு அனுப்பினேன். “உன் வீட்டுக்காரர் லட்சணத்தக் கேளு, கேட்டுச் சிரிச்சுட்டு அவர மேடைக்குத் தள்ளிவிடு” என்று ஒரு வரியும்.

நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் நான் குளித்துக்கூட முடிக்கவில்லை, அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள். தலை வாரியிருக்கவில்லை. வீட்டில் கட்டுகிற புடவையோடு வந்திருந்தாள். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இதெல்லாம் எப்ப பேசுனது?”

“மார்ச்ல இருந்து...”

“நீ என்னக் கேக்கச் சொன்னியே ஒண்ணு. தண்ணி மாதிரி பேசுறாருன்னு. அது?”

வெட்டிப்பயலைப் பற்றிச் சொன்னேன். அரை விநாடி கணக்கைச் சொன்னேன். அவளுக்கு அதெல்லாம் ஏறவில்லை. சுகந்திதான் பக்கத்தில் வந்து, “வராத வார்த்தைய இவரே போட்டுருக்காரு அண்ணி, அண்ணன் கொரல்ல” என்றாள்.

அக்கா என்னையே பார்த்தாள். “நீயா போட்ட?”

“ஒண்ணு ரெண்டு எடத்துலதான்.”

“அதக் கேட்டுத்தானடா டாக்டர் வேணாம்னேன்.”

அவள் என்னை அடித்திருக்கலாம். சின்ன வயசில் எத்தனையோ தடவை அடித்திருக்கிறாள். இன்றைக்கு அடிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். காபி போடட்டுமா என்று கேட்டேன். என்ன கேள்வி அது!

ஜூலை 26, சனி

நரம்பு டாக்டர் நல்ல மனுஷர்தான், பொறுமையாகக் கேட்டார். ஒரு படத்தைக் காட்டி இது என்ன என்றார். குடை. மச்சான் சிரித்தார். “தெரியும் டாக்டர். மழை... மழைக்கு...” இன்னொரு படம். இன்னொரு படம். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் என் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. அவருக்கு வரவில்லை.

எப்போதிருந்து இப்படி, போகப் போக அதிகமாகிறதா என்று கேட்டார் டாக்டர். அக்கா என்னிடம் திரும்பி, “அதப் போடு” என்றாள்.

“எத?”

“நீ எனக்கு அனுப்புனத.”

போட்டேன். டிங்கு டிங்கு டிங்கு.

“மியூசிக் இல்லாம இருக்கா?” என்று டாக்டர் கேட்டார். இல்லை. அழித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் குரங்கு மியூசிக்கோடு ஒன்பது நிமிஷமும் ஓடியது. டாக்டர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். மார்ச்சில் ‘அது வந்து’ என்று லேசாகத் தடுமாறுகிறவர், ஜூலையில் தொண்டையில் முள் சிக்கியவர் மாதிரி திணறுகிறார். ஒவ்வொரு தடவையும் நான்தான் எடிட் செய்தேன். ஒட்டும்போதுகூடக் கேட்டேன். ஒட்டும்போது சிரித்தேன்.

மச்சான் மியூசிக் ஆரம்பித்தபோது சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. முடிந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“இது நானா?”

நான் போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

“நான் கேப்பேன் மாப்ள. கடையில ஆள் இல்லாதப்ப... நம்ம... நம்ம பேசுறத... போட்டுக் கேப்பேன். பயமா இருக்கும்ல. அதக் கேட்டா... நல்லாத்தான பேசுறேன். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு... கடையச் சாத்திட்டு வீட்டுக்குப் போவேன்.”

இதை அவர் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமானது என்று எனக்குத் தெரியாது. டாக்டர் அவசரப்படுத்தவில்லை. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கேயே செத்துப்போய்விடலாம் போல இருந்தது.

ஆகஸ்ட் 2, சனி

ஸ்கேன், ரத்தம், இன்னும் என்னென்னவோ எல்லாம் பார்த்தாயிற்று. கட்டி இல்லை, பக்கவாதம் இல்லை. மூளையில் பேச்சுக்கான பகுதி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறதாம். நீளமான பெயர். இங்கே எழுதப் பிடிக்கவில்லை. குணமாக்க மருந்து கிடையாது. பயிற்சி கொடுத்தால் இருக்கிற பேச்சைக் கொஞ்ச காலம் இழுத்துப் பிடித்து வைக்கலாம். எவ்வளவு காலம் என்று அக்கா கேட்டாள். ஆளுக்கு ஆள் மாறும் என்றார் டாக்டர். மார்ச்சிலேயே வந்திருந்தால் என்று நான் ஆரம்பித்தேன். பயிற்சியைச் சீக்கிரம் தொடங்குவது நல்லது என்று மட்டும் சொன்னார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார்: “பேச்ச நிறுத்த விடாதீங்க. வார்த்தை வரலன்னா உடனே நீங்க எடுத்துக் குடுக்காதீங்க. அவரே தேடட்டும். நேரம் குடுங்க.”

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 4, திங்கள்

வெட்டிப்பயலைக் கம்ப்யூட்டரிலிருந்து தூக்கிவிட்டேன். டிஸ்க்கில் இடம் அடைத்துக்கொண்டிருந்தான். வேறொன்றுமில்லை.

மச்சானின் குரல் மாதிரியையும் அழிக்கப் போனேன். நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது. அழி என்று அழுத்திவிட்டு, ஐயோ, இன்னும் கொஞ்ச நாளில் அந்தக் குரல் என்று நினைப்பு ஓடியது. அதற்குள் போய்விட்டது. அந்தக் குரல் சொன்னதெல்லாம் நான் டைப் அடித்ததுதானே. போகட்டும். போகட்டும் என்று எழுதிவிட்டேன், மனசு கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

காலேஜுக்கு போன் போட்டு நிகழ்ச்சியை ரத்து செய்தேன். மச்சானுக்கு நல்லது செய்வதாக நினைப்பு. சாயங்காலம் அவர் வந்துவிட்டார். நல்ல கோபம்.

“யாரக் கேட்டு... நிறுத்துன?”

“நீங்கதான மச்சான் வேணாம்னீங்க.”

“மேடை வேணாம். நூறு... நூறு வேணும்.” மூச்சு வாங்கினார். “இங்கயே. ஒன் ரூம்ல. ஒண்ணையும் வெட்டாத.”

“கேக்குறவங்க என்ன மச்சான் நினைப்பாங்க?”

“வெட்டாதன்னா வெட்டாத!”

அந்த ஒரு வாக்கியம் மட்டும் பழைய மச்சான் மாதிரி ஒரு மூச்சில் வந்தது. திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டவன் மதுரையில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நூறு முடிந்தது.

அக்காவும் சுகந்தியும் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்கள். மிக்சி இல்லை. மோட்டார் மட்டும் போட்டார்கள், அதுவும் பதிவாகியிருக்கிறது, கிடக்கட்டும். ஆரம்பத்திலேயே மச்சான் தனக்கு என்ன வந்திருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டார். “வார்த்தை லேட்டா வரும். கோச்சுக்காதீங்க.” பிறகு படத்துக்குப் போய்விட்டார். மழையில் நடக்கிற ஒரு சண்டைக் காட்சி. வில்லன் குடையைப் பிடித்துக்கொண்டே அடிப்பான். மச்சான் அந்தக் குடைக்கு வந்து நின்றார்.

தேடினார். கண்ணை மூடினார். விரலால் மேஜையைத் தட்டினார். குடை, குடை, குடை என்று என் மண்டைக்குள் கத்துகிறது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வேலை நான் செய்ததில்லை. அக்கா முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். சுகந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், எங்கே சொல்லிவிடுவேனோ என்று. சொல்லவில்லை.

“மழைக்குப் பிடிப்பம்ல” என்றார் கடைசியில். “அதப் பிடிச்சுக்கிட்டே அடிக்கிறான்யா அந்தப் பய! புரிஞ்சுதுல்ல? அப்புறம் என்ன?”

எல்லோரும் சிரித்தோம். அவர்தான் ரொம்பச் சிரித்தார். எதையும் வெட்டாமல் அப்படியே ஏற்றிவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நிறைய பேர் அன்பாக எழுதியிருக்கிறார்கள். ஒருத்தர் மட்டும், ஆரம்பத்தைக் கேட்காமல் நேராக நடுவில் குதித்தவர் போல: “ப்ரோ, வில்லன் சீன் சொல்லும்போது ஆடியோ நின்னுடுது. ரொம்ப நேரம் சத்தமே இல்ல. ஃபைல் போயிடுச்சு போல. சரி பண்ணி மறுபடி ஏத்துங்க.”

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. அடப்பாவி, முதல் இரண்டு நிமிஷத்தைக் கேட்பதற்கு உனக்கு என்ன கேடு என்று ஆரம்பித்து நீளமாக டைப் செய்தேன். போடப்போனவன் நிறுத்தி, மச்சானைப் போனில் கூப்பிட்டுக் கமெண்டை வாசித்தேன். என்ன பதில் போட என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. கடையில் யாரோ கண்ணாடி விலை கேட்பது கேட்டது. தெருவில் பஸ் போனது. நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன்.

“சொல்லு மாப்ள...” என்றார். மறுபடி சத்தமில்லை. நான் நின்றேன்.

“...வந்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லு.”

அப்படியே போட்டேன்.